நாலாம் மாடி வலது கதவு

மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஊரே படுத்துக் கிடந்த நேரத்தில், நெவில் பார்ட்ரமின் தலைக்கு மேலே யாரோ நடந்தார்கள்.

நெவில் கட்டிலில் மல்லாந்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஆகஸ்ட் மாதம், ஸ்பெயினின் கார்த்தஹேனா துறைமுகத்து வெயில். ஜன்னலின் சுருள்தட்டிகளை முழுக்க இறக்கிவிட்டு இருட்டில் கிடந்தார். மேலே நாலைந்து அடி கேட்டது. அப்புறம் ஒரு நாற்காலி இழுபட்டது. அப்புறம் சத்தமே இல்லை. சத்தம் இல்லாததுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. ஏனென்றால் மேலே இருந்தது நாலாம் மாடி வலது வீடு. அதில் குடியிருந்த எவரிஸ்தோ பிப்ரவரியிலேயே கண்ணை மூடிவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு, வீடு யாருக்கு என்று வக்கீல் வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு பூட்டியே கிடந்தது.

பேயாக இருந்தால் நெவிலுக்குக் கவலையில்லை. எவரிஸ்தோ இருந்தபோதே சாது, செத்த பிறகு என்ன செய்துவிடப் போகிறார். நெவிலின் பயமெல்லாம் உயிரோடு இருப்பவர்கள்மேல்தான். பூட்டின வீட்டை உடைத்துக் குடியேறிக்கொள்ளும் ஒக்குப்பாக்களைப் பற்றி ஸ்பெயினில் தொலைக்காட்சி பேசாத நாள் கிடையாது. பத்து நிமிடம் அவர்களைப் பற்றிச் செய்தி வரும், அடுத்த நிமிடமே அலாரம் விற்பவனின் விளம்பரம் வரும். "இந்த நாட்டில் வீடு பிடிப்பவர்களைவிட, அவர்களைக் காட்டிப் பிழைப்பவர்கள் அதிகம்" என்று நெவிலே போன மாதம் எழுதியிருந்தார். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. இப்போது அவர் விரல் போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தது.

அவர் எழுதுவது, கடற்கரை ஊர்களில் குடியேறிய ஆங்கிலேயர்களுக்காக வரும் இலவச வாரப் பத்திரிகையில். 'நிழல் பக்கம்' என்று தலைப்பு. ராத்திரி பத்து மணிக்குமேல் சாப்பிட உட்காரும் ஸ்பானியர்கள், எல்லாரும் ஒரே சமயத்தில் பேசி எப்படியோ ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும் ஸ்பானியர்கள், அரசாங்கம் கவிழப்போகிறது என்று வாராவாரம் சொல்லிவிட்டு வாராவாரம் கடலுக்குக் குளிக்கப் போகும் ஸ்பானியர்கள் என்று ஒருவரையும் விட்டுவைத்ததில்லை. அக்கம்பக்கத்தில் யாருக்கும் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாததால் அவருக்குத் துணிச்சல் வந்திருந்தது. எழுத்தில் புலி, மாடிப்படியில் பூனை. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் முப்பது வருடம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர். மற்றவர்கள் ஓட்ட, தான் பக்கத்தில் உட்கார்ந்து தன் காலடியில் இருந்த தனி பிரேக்கை அழுத்திக்கொண்டே வாழ்ந்தவருக்கு வேறெப்படி இருக்கும். மனைவி பாலின், மகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்ததைப் பார்க்க ஊருக்குப் போனவள், வெயில் போதும் என்று அங்கேயே தங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவாள்.

இவ்வளவு பயந்தவர் அந்தக் கட்டடத்துக்கே தலைவரானதுதான் வேடிக்கை. அடுக்குமாடி என்றால் குடியிருப்போருக்கு ஒரு தலைவர் வேண்டும், அது சட்டம். லிஃப்ட் நின்றாலும், படிக்கட்டு விளக்கு எரியாவிட்டாலும், மொட்டைமாடியில் யாராவது நாயைக் குளிப்பாட்டினாலும், தலைவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அதனால் நாட்டுக்கு யார் தலைவராக வேண்டும் என்று காபி ஆறுவதற்குள் தீர்ப்புச் சொல்பவர்கள்கூட, கட்டடத்துக்குத் தலைவராகச் சொன்னால் முதுகுவலி என்பார்கள். நெவிலுக்கு இது தெரியும். ஆனால் இங்கிலாந்தில், கூட்டத்துக்குப் போகாதவனை எந்தப் பதவிக்கும் யாரும் நிறுத்த முடியாது. அதே நினைப்பில் ஜனவரிக் கூட்டத்தன்று காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போர்த்திப் படுத்துக்கொண்டார். இங்கே வராதவன் தலையில்தான் கட்டுவார்கள். மறுநாள் காலையில் ரொட்டி வாங்கப் போனவரைத் தரைத்தள வீட்டு காரிதாத் கைகொடுத்து வாழ்த்தினாள். வேண்டாம் என்றால் நீதிபதியிடம் போய்த்தான் சொல்ல வேண்டும் என்று தெரிந்ததும், நீதிபதிக்கும் பயந்துகொண்டு ஒப்புக்கொண்டார்.

தலைக்கு மேலே நடை கேட்ட அன்று சாயங்காலம் அவர் செய்த தப்பு, அதைக் காரிதாத்திடம் சொன்னதுதான். காரிதாத் மீன் சந்தையில் கடை போட்டு ஓய்ந்தவள். வெயில் தாழ்ந்ததும் தெருவாசலில் நாற்காலியைப் போட்டுக் காற்று வாங்குவாள். அவளிடம் சொன்னால் துறைமுகத்துக்கே கேட்கும். நெவில் ஏதோ சிரிப்பாகச் சொல்வதுபோலத்தான் ஆரம்பித்தார்.

"எவரிஸ்தோ திரும்பி வந்துட்டார்போல, காரிதாத். மேல நாற்காலி இழுக்கறார்."

அவள் விசிறுவதை நிறுத்தினாள். "ராசா, வெளையாடாத. மேல ஆள் நடமாட்டமா?"

"நடமாட்டம்னு இல்ல. ஒரு சத்தம்."

"சத்தம்னா ஆளுதான். நீதான தலைவரு, போய்ப் பாக்க வேண்டியதுதான?"

"நானா?"

"பின்ன நானா? என் முட்டியப் பாத்தியா? ஹினேஸ்கிட்ட சொல்றேன், இரு."

வேண்டாம் என்று நெவில் சொல்வதற்குள் அவள் வாசலில் இருந்த இரண்டாம் மாடி அழைப்பு மணியை அழுத்திவிட்டாள்.

ஹினேஸ் சுங்கத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடத்தல் சிகரெட்டைப் பறிமுதல் செய்த கை, சும்மா இருக்க முடியவில்லை. ஒக்குப்பா விஷயத்தில் அந்தத் தெருவிலேயே அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் வீட்டுக் கதவில் மூன்று பூட்டு, கதவுக்கு மேலே கேமரா. கதவு திறந்தால் அவர் போனில் மணி அடிக்கும், அவர் கடைத்தெருவில் இருந்தாலும் அடிக்கும். நெவிலைப் பிடித்து இழுத்துப் போய் உட்கார வைத்தார். தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. வாடகை ஏறிவிட்டது, சுற்றுலாக்காரர்கள் வந்து வீடுகளையெல்லாம் விழுங்கிவிட்டார்கள், இன்னொரு ஊரில் ஒரு கிழவியின் வீட்டுக்குள் எட்டுப் பேர் புகுந்துவிட்டார்கள் என்று அது சொல்லிக்கொண்டே போனது. ஹினேஸ் அதற்கு மேல் குரலை உயர்த்திப் பேசினார்.

"ரெண்டு நாள். ரெண்டு நாள் உள்ள இருந்துட்டான்னா ராஜாவே வந்தாலும் வெளிய தள்ள முடியாது. பீட்ஸா வந்துச்சா?"

"என்ன பீட்ஸா?"

"அந்த முகவரிக்கு ஒரு பீட்ஸா வரவழைப்பான். ரசீதைக் காட்டி, பாருங்க நான் இங்கதான் இருக்கேம்பான். உங்க ஊர்ல இதெல்லாம் கெடையாதா?"

"எங்க ஊர்ல பீட்ஸா சரியா வர்றதே இல்ல."

நெவிலின் சிரிப்பு அவர் வாயிலேயே செத்துப்போனது. ஹினேஸ் சிரிக்கவில்லை. அவருடைய மனைவி என்கார்னா பாலும் பிராந்தியும் விட்ட காபியைக் கொண்டுவந்து வைத்தாள். சின்ன உருவம், அறுபதைத் தாண்டியவள். யார் முகத்தையும் பார்க்காமல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று ராத்திரியே ஹினேஸ் மேலே போய், எவரிஸ்தோவின் கதவுக்கும் நிலைக்கும் நடுவே பசையால் ஒரு மெல்லிய இழை ஒட்டிவிட்டு வந்தார். திருடர்கள் ஆளில்லாத வீட்டை வேவு பார்க்கும் வழி அது. "அவன் வித்தையே அவனுக்கு" என்றார். மறுநாள் சாயங்காலம் நெவிலையும் கூட்டிப்போய்க் காட்டினார். இழை அறுந்திருந்தது. பூட்டு உடையவில்லை, கதவில் ஒரு கீறல்கூட இல்லை. யாரோ சாவி போட்டுத் திறந்து போய் வருகிறார்கள்.

கதவில் இருந்த சிறு கண்ணாடித் துளை தன்னையே பார்ப்பதுபோல நெவிலுக்கு இருந்தது. ஹினேஸின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்து பார்த்தார். கட்டடத்தின் கணக்கு வழக்கு பார்க்கும் நிர்வாகிக்குப் போன் போட்டார். விடுமுறை, செப்டம்பரில் சந்திப்போம் என்று ஒரு பெண்குரல் மகிழ்ச்சியாகச் சொன்னது. போலீசுக்குப் பேசினார். வீட்டுக்காரர்தான் புகார் தரவேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர்களின் சுவிஸ் எண் அடித்துக்கொண்டே இருந்தது. ஆகஸ்ட் மாதத்தில் ஸ்பெயினில் பல்வலிகூட வரக்கூடாது என்று அவர் ஒரு தடவை எழுதியிருந்தார். வாசகர்கள் ரசித்துக் கடிதம் போட்டிருந்தார்கள். இப்போது அவருக்கு ஒன்றும் ரசிக்கவில்லை.

"அதெல்லாம் விடு, தலைவரே," என்றார் ஹினேஸ். "என் அக்கா மகன் பிளாஸ் இருக்கான்ல, இதையேதான் தொழிலா பண்றான். மூணு பசங்க, ஒவ்வொருத்தனும் கதவு அகலம். வெள்ளிக்கிழமை மதியம் வரச் சொல்றேன். கதவைப் பேத்து, உள்ள இருக்கறவனைக் காதைப் பிடிச்சுப் படிக்கட்டு வழியா உருட்டிருவாங்க. நீ ஒரு வார்த்தை சரின்னு சொல்லு."

"அடிதடி ஆயிடுமே, ஹினேஸ்."

"ஆகட்டும்."

நெவில் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார். ராத்திரி முழுக்கப் புரண்டார். உள்ளே இருப்பவன் கத்தி வைத்திருந்தால்? பிளாஸின் பையன்கள் யாரையாவது படிக்கட்டில் தள்ளிவிட்டு அவன் மண்டை உடைந்தால்? தலைவர் யார் என்று நாளைக்கு நீதிமன்றத்தில் கேட்பார்கள். குழந்தை குட்டியோடு ஒரு குடும்பம் இருந்தால் என்ன செய்வது? எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம்தான். அதில் எது கொஞ்சம் சின்னப் பயம் என்று பார்த்தார். போய்க் கதவைத் தட்டி, ஐயா, தயவுசெய்து நீங்களே போய்விடுங்கள், இல்லாவிட்டால் உதைக்க ஆள் வருகிறது என்று சொல்லிவிடுவது. அதுதான் சின்னது.

மறுநாள் மதியம் நடை கேட்டதும் எழுந்தார். செருப்பு சத்தம் போடும் என்று காலுறையோடு படியேறினார். படிக்கட்டில் ஆளரவம் இல்லை. எங்கோ ஒரு வீட்டில் தொலைக்காட்சி மட்டும் முனகியது. நாலாம் மாடி வலது கதவுக்கு முன்னால் வந்து நின்றார். கையைத் தூக்கினார், இறக்கினார். திரும்பிப் போய்விடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று தோன்றியது. அப்படித் தோன்றிய வேகத்திலேயே தட்டியும் விட்டார், நகத்தால், மூன்று தடவை.

உள்ளே நாற்காலி அசைந்தது. யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். மூச்சு கேட்டது. கண்ணாடித் துளை இருண்டது. பூட்டு மெல்லத் திரும்பியது.

கதவைத் திறந்தவள் என்கார்னா.

"சத்தம் போடாதீங்க," என்றாள். அவளுடைய முகம் வெளுத்துப்போயிருந்தது. "கூட வேற யாராவது?"

"நான் மட்டும்தான்."

அவள் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அறை இருட்டாக இருந்தது. சாமான்கள்மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. சுருள்தட்டியை ஒரு சாண் தூக்கிவிட்டு, அந்த வெளிச்சத்துக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், கதவோரம் துணிக்கூடை. வேறு ஒன்றும் இல்லை.

"இங்க என்ன பண்றீங்க, என்கார்னா?"

"உக்காந்திருக்கேன்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. அதுக்குத்தான் வர்றேன்."

நெவிலுக்குள் இருந்த எழுத்தாளன் அந்த நேரத்திலும் சும்மா இருக்கவில்லை. ஊரையே வீடுபிடிகளிடமிருந்து காப்பாற்றுகிறவரின் மனைவியே வீடு பிடித்தாள் என்று வரிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டான். அவள் பேசப் பேச அவன் வாயை மூடிக்கொண்டான்.

"எவரிஸ்தோவோட சம்சாரம் செத்தப்ப, செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி இந்தச் சாவியக் குடுத்தாரு. யாரும் திருப்பிக் கேக்கல. கீழ எங்க வீட்டுக் கதவத் தொறந்தா ஹினேஸ் போன்ல மணி அடிக்குது. எங்க போற, எப்ப வருவ, ஏன் இவ்ளோ நேரம்னு கேப்பாரு. மொட்டமாடியில துணி காயப்போடப் போறேன்னா மட்டும் கேக்க மாட்டாரு. அதான் நேத்துத் துவைச்ச துணியவே இன்னிக்கும் நனைச்சு எடுத்துட்டு வர்றேன். அவரு தூங்கற நேரம் ஒரு மணி நேரம் இங்க உக்காருவேன்."

நெவில் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அடிப்பாரா?"

"இல்ல. அடிச்சிருந்தா யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்." அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவருக்குப் பயம், நெவில். ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுப் பூட்டைத் தொட்டுப் பாக்கறாரு. அப்புறம் வந்து என்னையும் தொட்டுப் பாக்கறாரு, இருக்கேனான்னு."

கீழே எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இருவரும் அசையாமல் நின்றார்கள். பிறகு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவள் மெதுவாகச் சொன்னாள். "தெரிஞ்சுதுன்னா சாவியப் புடுங்கிருவாரு. மாடிக்கும் கூடவே வருவாரு. எனக்கு இந்த ஒரு மணி நேரம்தான் இருக்கு."

பிளாஸும் பையன்களும் வெள்ளிக்கிழமை வருகிறார்கள் என்று நெவில் சொன்னார். அவளுக்கு அது தெரியாது. பக்கத்திலிருந்த மேசையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அவள் வரவே கூடாது, நாற்காலியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும், வீடு காலிதான் என்று ஹினேஸிடம் தானே பேசிக்கொள்கிறேன் என்று நெவில் வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுத்த பிறகுதான், அந்த ஆளிடம் பொய் சொல்லப் போகிறோம் என்பது உறைத்தது.

பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். நெவிலுக்கு அது ஆங்கிலத்திலேயே வராது.

"தட்டிப் பாத்தேன், ஹினேஸ். யாருமில்ல."

"தட்டினா தொறந்து வாங்கன்னு சொல்லுவானா? இழை ஏன் அறுந்துச்சு?"

"காத்துல இருக்கும்."

"மாடிப்படியில காத்தா? ஆகஸ்ட் மாசத்துலயா?" ஹினேஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ பயந்துட்ட, தலைவரே. வேர்த்துக் கொட்டுது பாரு. மெரட்டினானா?"

"இல்லவே இல்ல. நான் தலைவரா சொல்றேன், யாரும் வர வேண்டாம்."

"தலைவரா?" ஹினேஸ் தொலைக்காட்சிச் சத்தத்தை இன்னும் கூட்டினார். "நீ தலைவரானதே நீ வராததாலதான். போய்ப் படு. நானே பாத்துக்கறேன்."

சமையலறையில் என்கார்னா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். நெவில் அந்த முதுகைப் பார்த்தார். அது திரும்பவில்லை.

வியாழக்கிழமை மதியம் வழக்கம்போல மேலே நடை கேட்டது. இரண்டு நாளாக அந்தச் சத்தம் நெவிலுக்கு ஆறுதலாகிவிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு நாள் கழிந்துவிட்டால் போதும், பூட்டை உடைத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று போய்விடுவார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு கண்ணை மூடினார். அப்போது படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒருவர் இருவர் இல்லை.

கதவுத் துளையில் கண்ணை வைத்தார். ஹினேஸ் முன்னால் போனார். அவருக்குப் பின்னால் கையில் கடப்பாரையோடு ஒருவன், அது பிளாஸாகத்தான் இருக்கும், அவன் பின்னால் கழுத்தே இல்லாத மூன்று பேர், கறுப்பு பனியனில். நாளைக்கு வேறு வேலை வந்துவிட்டதுபோல, இன்றைக்கே வந்துவிட்டார்கள். ஹினேஸ் தூங்காமல் இவர்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். என்கார்னா துணியோடு மாடிக்குப் போனதும் அவருக்கு நிம்மதியாகவே இருந்திருக்கும், பெண்பிள்ளை எதற்கு இங்கே என்று.

நெவில் கதவுச் சங்கிலியைப் பார்த்தார். அது மாட்டியிருந்தது. மாட்டியபடியே விட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது, தூங்கிவிட்டேன் என்று சொன்னால் யார் மறுக்க முடியும் என்று நினைத்தார். முழு மனசோடு அப்படி நினைத்தார். பயம் அவரைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தது. மேலே கடப்பாரை கதவில் உரசும் சத்தம் வந்தது. இருட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி அவள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவர் சங்கிலியைக் கழற்றினார்.

"நிறுத்துங்க," என்றார் மேலே போய். மூச்சு வாங்கியது. யாரும் திரும்பவில்லை. இன்னொரு தடவை, இருக்கிற குரலையெல்லாம் கூட்டிச் சொன்னார். "நிறுத்துங்க. அது நான்தான்."

பிளாஸ் கடப்பாரையோடு நிமிர்ந்தான். ஹினேஸ் திரும்பிப் பார்த்தார்.

"எது நீதான்?"

"உள்ள வந்து போறது. நான்தான். என் வீட்ல வெயில் தாங்கல. எவரிஸ்தோ எனக்கு ஒரு சாவி குடுத்திருந்தாரு. இங்க வந்து எழுதுவேன்."

பிளாஸ் சிரித்தான். "மாமா, வெள்ளைக்காரன் ஒக்குப்பாவா? இதுக்கா என்னை வரச் சொன்னீங்க?"

ஹினேஸ் சிரிக்கவில்லை. "சத்தம் கேட்டுச்சுன்னு முதல்ல சொன்னவனே நீதான. உன் நாற்காலிச் சத்தம் உனக்கே கேட்டுச்சா?"

நெவில் கதவுக்கு முன்னால் போய் நின்றார்.

"சாவியக் காட்டு."

"கீழ இருக்கு."

"கொண்டா."

"காணாமப் போயிடுச்சு."

"கீழ இருக்கா, காணாமப் போச்சா?" ஹினேஸ் கிட்டே வந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. அந்தக் கண்களில் கோபம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் பயம் என்று நெவிலுக்குத் தெரிந்தது. தன் கண்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இருந்தது. "உன்னை என்னமோ பண்ணி மெரட்டி வெச்சிருக்கான். தள்ளு. பிளாஸ், ஒடை."

நெவில் விலகவில்லை. கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டார். தைரியத்தால் அல்ல, கால்கள் நகர மறுத்தன. கழுத்தில்லாதவர்களில் ஒருவன் அவர் தோளைப் பிடித்தான், சின்னப் பிள்ளையை நகர்த்துவதுபோல மரியாதையாகத்தான். நெவில் கண்ணை மூடிக்கொண்டார். மனசுக்குள் பாலினைக் கூப்பிட்டார், அப்புறம் நிர்வாகியை, அப்புறம் செப்டம்பரை.

அவர் முதுகுக்குப் பின்னால் பூட்டு திரும்பியது. கதவு உள்பக்கமாகத் திறந்ததில் அவர் பின்னால் சாய்ந்தார். இரண்டு சிறிய கைகள் அவரைத் தாங்கி நிறுத்தின.

"விடுங்க அவரை," என்றாள் என்கார்னா. "நான்தான்."

பிளாஸ் கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அவள் துணிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தலை குனியவில்லை.

ஹினேஸ் ஓடி வந்து அவள் தோளை, கையை, தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "என்கார்னா. உனக்கு ஒண்ணும் ஆகலியே? எவன் அவன்? உன்னை எவன் உள்ள அடைச்சு வெச்சது?"

"இங்க யாரும் அடைச்சு வெக்கல, ஹினேஸ்," என்றாள். "இங்க இல்ல."

அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவளை நெவில் பக்கமாகத் தள்ளிவிட்டு, கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு இருட்டுக்குள் பாய்ந்தார். விளக்குச் சுவிட்சைத் தட்டினார், மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தது. போன் வெளிச்சத்தில் துணிகளை உருவிப் போடும் சத்தம் கேட்டது. வெளிய வாடா, வெளிய வாடா என்று கத்தினார். குரல் உடைந்திருந்தது. பிளாஸும் பையன்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

என்கார்னா கூடையைக் கீழே வைத்தாள். சாவியை நெவிலின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை மடக்கினாள். அப்புறம் படியிறங்கினாள். நெவில் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டார். அவள் செருப்புச் சத்தம் மூன்றாம் மாடியைத் தாண்டியது. அவள் வீடு இருக்கும் இரண்டாம் மாடியில் நிற்கும் என்று எதிர்பார்த்தார், நிற்கவில்லை. தெருக்கதவு திறந்து மூடிக்கொண்டது.

மேலே ஹினேஸ் இன்னும் ஒவ்வோர் அறையாகக் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.